மாம்பழக் கலர் சேலை

கட்டபெட்டு
14-2-2000

அன்புள்ள ஆண்டி அண்ணனுக்கும் பொன்னாயி அண்ணிக்கும் தெய்வம்மா எழுதுவது. நானும் பிரியாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். பந்தலூர்ப் பக்கம் பனி எப்படி? உன் முட்டி வலி குறைந்ததா? கம்பளி இல்லாமல் காலையில் பேர் கூப்பிடுகிற பிரட்டுக்குப் போகாதே அண்ணே.

இங்கே கொழுந்துக்கு விலை இல்லை. எடுத்துக்கொண்டு போனாலும் பாக்டரியில் பாதியைத் திருப்பி அனுப்புகிறார்கள். போஜன் கவுடர் ஓடையோரத் தேயிலையைப் பிடுங்கிவிட்டு கேரட் போடப் போகிறார். "இத்தனை வருஷம் தேயிலை என்னைத் தின்னுச்சு, இனி நான் கேரட்டைத் தின்னுக்கறேன்" என்று சொல்லிச் சிரித்தார். வேர் தோண்டுகிற வேலைக்கு நானும் போனேன். வேறு வேலை எங்கே இருக்கிறது?

போன வாரம் தோண்டும்போது எலும்பு வந்தது. காட்டுமாடு என்று சொல்லிக்கொண்டே தோண்டினார்கள். பிறகு மனுஷத் தலை வந்தது. பொம்பளைகள் எல்லோரும் கூடையைப் போட்டுவிட்டு ஓடிவந்துவிட்டோம். நான் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. போலீஸ் வந்து எல்லாவற்றையும் சாக்கில் கட்டிக்கொண்டு போனது.

பிரியா வயிற்றில் இருக்கும்போது போனவர் அவள் அப்பா. நீதான் அவர் மேட்டுப்பாளையத்தில் பஸ் ஏறுவதைப் பார்த்தாய். ஆகையால் இது வேறு யாரோ என்று மனதுக்குச் சொல்லிக்கொண்டேன். இருந்தாலும் ஒரு தரம் உன்னைக் கேட்கத் தோன்றுகிறது. அன்றைக்கு நீ பார்த்தது அவரைத்தானே?

அண்ணிக்கு என் அன்பைச் சொல்.

தெய்வம்மா

பந்தலூர்
16-3-2000

தங்கச்சி தெய்வம்மாவுக்கு அண்ணன் ஆண்டி எழுதிக்கொண்டது. உன் கடிதம் கிடைத்தது. இங்கே அனைவரும் சுகம். முட்டி வலி அப்படியேதான் இருக்கிறது.

எங்கள் எஸ்டேட் டிவிஷனிலும் வாரத்தில் பாதி நாள் வேலை இல்லை. தேயிலை மரமாக வளர்ந்து நிற்கிறது. யானை வந்து உள்ளே நின்றாலும் தெரியாது.

நீ அந்தத் தோட்டத்து வேலைக்குப் போக வேண்டாம். மண்ணைக் கிளறினால் என்னென்னவோ வரும். போலீஸ் கேட்டால் தெரியாது என்று சொல். எதிலும் கையெழுத்துப் போடாதே. பிரியாவுக்கு மாப்பிள்ளை பார்க்கிற வழியைப் பார்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

ஆண்டி

கட்டபெட்டு
9-4-2000

அன்புள்ள அண்ணனுக்கு தெய்வம்மா எழுதுவது. உன் கடிதத்தை நாலு தரம் படித்தேன். நான் கேட்டதற்கு அதில் பதில் இல்லை. இனி பதில் வேண்டியதும் இல்லை.

அது அவர்தான். கோத்தகிரி ஸ்டேஷனில் கூப்பிட்டு ஒரு தாயத்தைக் காட்டினார்கள். நாம் கப்பல் ஏறுவதற்கு முன்னால் அம்மா கதிர்காமத்தில் வாங்கி வைத்திருந்த செம்புத் தாயத்து. கல்யாணத்தன்று அவர் கையில் கட்டியது நான். பச்சை பூத்துப் போயிருந்தது. இன்ஸ்பெக்டர் பேர் கேட்டார். புருஷன் பேரை என் வாயால் சொன்னதே இல்லை. அன்றைக்குச் சொன்னேன். "கருப்புசாமி" என்றேன். பின்மண்டை உடைந்திருக்கிறதாம்.

அவர் எப்படிப்பட்டவர் என்பது வேறு விஷயம். இத்தனை வருடம் கோத்தகிரி பஸ் நிற்கும்போதெல்லாம் இறங்குகிற முகங்களைப் பார்த்தவள் நான். கூப்பிடு தூரத்தில் மண்ணுக்குள் இருந்திருக்கிறார். அவர் மேல் நின்று நானே கொழுந்து கிள்ளியிருக்கிறேன்.

இசக்கியைப் பிடித்துப் போய்விட்டார்கள். உனக்கு ஞாபகம் இருக்கும், அப்போது அந்தத் தோட்டத்துக்குக் காவலாக இருந்தவர். சாராயக் கடையில் அவரும் பிரியா அப்பாவும் சட்டையைப் பிடித்துக்கொண்டதை ஊரே பார்த்தது. இப்போது கிழவராகி மூச்சிரைக்கிறார். நடத்திக் கூட்டிப் போகும்போது வழியில் இரண்டு தரம் உட்கார்ந்தார்.

எலும்பு, கேசு முடிந்த பிறகுதான் கிடைக்குமாம். ஆனால் இனிமேல் தாலியோடு இருக்கக் கூடாது என்று லயத்து வரிசை வீடுகளில் பெரியவர்கள் சொல்கிறார்கள். அண்ணே, எனக்கு நீ ஒருத்தன்தான் பிறந்தவன். கோடி நீதான் கொண்டுவந்து போட வேண்டும். நூல் சேலை போதும். நீ வருகிற நாளை எழுது. அதுவரை கழற்றமாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன்.

காத்துக்கொண்டிருக்கும்
தெய்வம்மா

பந்தலூர்
28-5-2000

அன்புள்ள தெய்வம்மாவுக்கு பொன்னாயி அழுதுகொண்டு எழுதுவது. உன் துக்கத்துக்கு உடனே ஓடிவர முடியாத பாவியாகிவிட்டேன். நீயும் பிள்ளையும் சாப்பிட்டுக்கொள்கிறீர்களா? தூங்குகிறீர்களா?

உன் கடிதம் வந்த நாளிலிருந்து உன் அண்ணன் சரியில்லை. காய்ச்சல் என்கிறார். தொட்டால் சூடு இல்லை. வேலைக்குப் போகிறவர் பாதி வழியில் திரும்பி வந்து படுத்துக்கொள்கிறார்.

கூடலூர் போய்க் கோடி எடுத்து வருவோம் என்று நான்தான் தினமும் சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசியில் ஒருநாள், "ஒரு சாவுக்கு ரெண்டு தரம் கோடி போடக் கூடாது பொன்னாயி" என்றார். முதல் தரம் எப்போது போட்டோம் என்று கேட்டேன். தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போய்விட்டார். உடம்பு முடியாத நேரத்தில் ஏதோ உளறுகிறார் என்று விட்டுவிட்டேன். மனதில் வைத்துக்கொள்ளாதே.

நான் தனியாகவாவது வருகிறேன் என்றால் விடமாட்டேன் என்கிறார்.

உன் அண்ணி
பொன்னாயி

கட்டபெட்டு
18-7-2000

அண்ணனுக்கு தெய்வம்மா எழுதுவது. உடம்பு எப்படி இருக்கிறது? பிரியா கேரட் கழுவப் போகிறாள். தண்ணீரில் நின்று நின்று காலில் புண்.

நீ வரவில்லை. ஆனி கடைசியில் கழற்றிவிட்டார்கள். "பொறந்தவன் உசுரோட இருந்தும் கோடி இல்லாத தாலியறுப்பை இப்பத்தான் பாக்கறோம்" என்று என் காதுபடவே சொன்னார்கள். நான் உனக்காகச் சண்டை போட்டேன். காய்ச்சலில் கிடக்கிறார் என்றேன்.

மறுநாள் இசக்கியின் பெண்சாதி பாலாமணி வந்தாள். உள்ளே கூப்பிட்டேன், வரவில்லை. வாசலில் நின்று ஊருக்கே கேட்கிற மாதிரி பேசினாள்.

"கேட்டியாடி சேதிய? குழிக்குள்ள பொம்பளச் சேலை கெடந்துச்சாம். உம் புருஷன் எனக்கு வாங்கியாந்த சேலையாம். அதப் பாத்துட்டு எம் புருஷன் அடிச்சுக் கொன்னுட்டானாம். போலீசு எழுதிவச்சிருக்கு!"

நான் வாசல்படிக்கு இறங்கி வந்தேன்.

"எனக்கு எம் புருஷனே சேலை வாங்கித் தந்ததில்லடி. செத்தவன் வாங்கியாந்திருந்தா ஒரு நாளாவது கட்டிப் பாத்திருக்க மாட்டனா? எனக்கும்தான் நைலக்ஸு கட்டணும்னு ஆச இருந்துச்சு" என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள்.

எனக்கு அதுவரை சேலை விஷயம் தெரியாது. யாரும் சொல்லவில்லை. இசக்கிக்காகக் கோத்தகிரியில் ஜஸ்டஸ் என்று ஒரு வக்கீல் நிற்கிறார். பாலாமணி அவரைக் கூட்டிவந்தாள். அவர் ஒரு போட்டோவைக் கொடுத்து, "அம்மா, இதை எப்பவாச்சும் பாத்திருக்கீங்களா?" என்றார்.

குழிக்குள் தெற்கே தலை வைத்துக் கிடத்தியிருக்கிறார்கள் அண்ணே. கையைக் காலை நேராக நீட்டி வைத்திருக்கிறார்கள். அடித்துப் போட்டுவிட்டு ஓடுகிறவன் அப்படிச் செய்வானா? நெஞ்சின் மேல் சேலை. மடிப்புக் கலையாத புதுச் சேலை. நைலக்ஸ் ஆனதால் மக்கவில்லை. மேல்மடிப்பு மண்நிறம். உள்மடிப்பை விரித்து ஒரு போட்டோ எடுத்திருக்கிறார்கள். மாம்பழக் கலர். பச்சைக் கரை.

இதுவரை பார்த்ததில்லை என்று சொன்னேன். அது பொய் இல்லை. நான் அந்தச் சேலையைப் பார்த்ததில்லை. கேட்டதுதான் உண்டு.

எனக்கு ஏழாம் மாதம். வளைகாப்புக்கு நீ பந்தலூரிலிருந்து வந்தாய். வளையல் கொண்டுவந்தாய். அன்று ராத்திரி அவர் வீட்டுக்கு வரவில்லை. மறுநாள் நீ, சேலையைப் பஸ்ஸில் விட்டுவிட்டேன் என்றாய். அது போகட்டும் அண்ணே என்றேன். அதற்கு அடுத்த வருடம் பிள்ளையைப் பார்க்க வந்த அண்ணி, "மாம்பழக் கலருல பச்சக் கரை போட்டது, கூடலூர்ல ரெண்டு கடை ஏறி எறங்கி எடுத்தேன், இந்த மனுசன் தொலச்சிட்டாரே" என்று என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார்.

ஒரு சாவுக்கு இரண்டு தரம் கோடி போடக் கூடாது என்று நீ சொன்னதை அண்ணி எழுதியிருந்தார். அப்போது புரியவில்லை.

வக்கீலிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. இன்னும் சொல்லவில்லை. நீ எழுது அண்ணே. என்ன வேண்டுமானாலும் எழுது.

தெய்வம்மா

பந்தலூர்
22-8-2000

தங்கச்சிக்கு ஆண்டி எழுதிக்கொண்டது. மழை விடவில்லை. லயத்துக் கூரை ஒழுகி அரிசி நனைந்துவிட்டது. டிவிஷனை மூடப்போவதாகப் பேச்சு.

பிரியாவைத் தண்ணீரில் நிற்க விடாதே. வேப்பெண்ணெய் தடவு.

இசக்கி அந்தக் காலத்தில் ஒன்றும் யோக்கியன் இல்லை. எத்தனை பேரை அடித்திருக்கிறான். கோர்ட்டு அவனைப் பார்த்துக்கொள்ளும். கேசு நிற்காது என்று இங்கே படித்தவர்கள் சொல்கிறார்கள். நீ நடுவில் போகாதே.

உனக்கு நான் ஒன்றுதான் கேட்கிறேன். அவர் போன பிறகு இத்தனை வருடத்தில் உன் மேல் யாராவது கை வைத்தார்களா? பிள்ளை ஒருநாளாவது பயந்து எழுந்தாளா? அதை யோசி.

அண்ணிக்கு இதெல்லாம் எழுதாதே. அவளுக்கு ஒன்றும் தெரியாது.

ஆண்டி

கட்டபெட்டு
3-9-2000

அண்ணனுக்கு.

நானும் பிரியாவும் இருக்கிறோம்.

நீ கேட்டதை யோசித்தேன். யாரும் கை வைக்கவில்லை. அதற்காக உன்னை நான் கையெடுத்துக் கும்பிட வேண்டுமா, எனக்குத் தெரியவில்லை. புருஷன் விட்டுப் போன பொம்பளை என்று என்னைப் பேசாத வாய் இங்கே இல்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் அவர் திரும்பி வரணும் என்று விளக்கேற்றினேன். நீ வரும்போதெல்லாம் அந்த விளக்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். ஒரு தரமாவது "அணைச்சிடு தங்கச்சி" என்று சொல்லியிருக்கலாம். காரணம் கேட்டிருக்கமாட்டேன்.

இசக்கியை நேற்று ஜெயிலில் பார்த்துவிட்டு வந்தேன். கம்பிக்குப் பின்னால் நிற்க முடியாமல் தரையில் உட்கார்ந்துதான் பேசினார். "நான் அவன அடிச்சது உண்மதான் தாயி, ஆனா அவன் திருப்பி அடிச்சானே, செத்தவன் திருப்பி அடிப்பானா?" என்றார். அவரிடம் சொல்ல என்னிடம் ஒரு வார்த்தை இருந்தது. சொல்லாமல் வந்தேன். 

வரும் பதினைந்தாம் தேதி ஊட்டி கோர்ட்டில் இசக்கிக்கு ஜாமீன் மனு. அதற்குள் நீ வந்து சொன்னால் நான் சொல்ல வேண்டியதில்லை. வராவிட்டால் கோடி என்றால் என்ன, அதை யார் போட வேண்டும், எனக்குக் கூடப்பிறந்தவர் எத்தனை பேர் என்று ஜஸ்டஸ் வக்கீலிடம் சொல்லிவிடுவேன். அண்ணியைக் கூப்பிட்டுச் சேலையைக் காட்டுவார்கள். அது வேண்டாம் அண்ணே. அது அவர் ஆசையாக எடுத்த சேலை.

தெய்வம்மா

பந்தலூர்
12-9-2000

தெய்வம்மாவுக்கு பொன்னாயி அவசரமாக எழுதுவது. உன் கடிதம் வந்தது. என்னிடம் காட்டவில்லை. படித்துவிட்டு அடுப்பில் போட்டார்.

இன்று காலை குளித்து, வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு, "தங்கச்சியப் பாத்துட்டு வாறேன்" என்றார். வெறுங்கையோடா போவது, கோடி எடுத்துப் போங்கள் என்றேன். என் தலையில் கை வைத்தார். கல்யாணமான நாளிலிருந்து அப்படிச் செய்ததில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது.

உங்களுக்குள் என்ன? வந்து சேர்ந்தாரா? உடனே ஒரு வரி போடு.

பொன்னாயி

கட்டபெட்டு
17-9-2000

அன்புள்ள அண்ணிக்கு தெய்வம்மா விழுந்து கும்பிட்டு எழுதுவது. இதைப் படிக்கும்போது யாரையாவது பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். உடம்பு தாங்க வேண்டும்.

அண்ணன் வந்து சேர்ந்தார். மழையில் நனைந்து வந்தார். தலை துவட்டத் துண்டு கொடுத்தேன். பிரியா வேலைக்குப் போயிருந்தாள். ரொட்டி சுட்டு, தேங்காய்ச் சம்பல் அரைத்து வைத்தேன். ஒன்றுகூட மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார்.

"இந்த மண்ணுல கேரட்டு நல்லா வருதா?" என்று கேட்டார்.

"வருது" என்றேன்.

அவ்வளவுதான் நாங்கள் பேசியது.   பிறகு கோத்தகிரி பஸ்ஸில் இரண்டு பேரும் போனோம். ஜன்னல் பக்கம் என்னை உட்கார வைத்தார். சின்ன வயதில் கப்பல் இறங்கி ரயிலில் வரும்போதும் அப்படித்தான் உட்கார வைத்தார்.

ஸ்டேஷனில் நின்று, "இசக்கிய விட்டுடுங்க சார். கருப்புசாமிய அடிச்சது நான். குழி தோண்டுனதும் நான்" என்றார். இன்ஸ்பெக்டர் நம்பவில்லை. "அப்ப சேலை யாருதுய்யா?" என்று கேட்டார். "எந் தங்கச்சிக்கு எடுத்தது. அவளுக்குத்தான் போட முடியல" என்றார். இன்ஸ்பெக்டர் பேப்பரை இழுத்து எழுத ஆரம்பித்தார்.

எதற்காக அடித்தாய் என்றால், குடித்திருந்தோம், வாய்த்தகராறு என்கிறார். அண்ணி, உங்களுக்கும் எனக்கும் தெரியும், அவர் ஒரு சொட்டு குடித்தவரா?

நீங்கள் இங்கே வந்துவிடுங்கள். என்னைத் திட்டுவதென்றாலும் இங்கே வந்து திட்டுங்கள். தனியாக இருக்காதீர்கள்.

தெய்வம்மா

கோயம்புத்தூர் ஜெயில்
6-11-2000

தங்கச்சி தெய்வம்மாவுக்கு அண்ணன் எழுதிக்கொண்டது. இங்கே சாப்பாடு பரவாயில்லை. குளிர் இல்லாததால் முட்டி வலி குறைந்திருக்கிறது. பொன்னாயி உன்னோடு இருப்பதாக வக்கீல் சொன்னார். சந்தோஷம். இசக்கி வெளியே வந்துவிட்டாராம். அவரிடம் என் சார்பில் ஒன்றும் சொல்லாதே. சொல்வதற்கு ஒன்றும் இல்லை.

ஜஸ்டஸ் வக்கீல் எனக்கும் வாதாடுகிறேன் என்கிறார். நல்ல மனுஷன். காரணத்தைச் சொன்னால் தண்டனை குறையும் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார். குடிபோதை என்று எழுதிக்கொள்ளுங்கள் என்றேன்.

இங்கே கடிதத்தைப் படித்துப் பார்த்துத்தான் அனுப்புவார்கள். ஆகையால் சுருக்கமாக எழுதுகிறேன். வளைகாப்பன்று நான் பார்த்ததை நீ யாரிடமும் சொல்லாதே. கோர்ட்டில் கேட்டாலும் சொல்லாதே. முக்கியமாகப் பிரியாவிடம். கல்யாணம் ஆக வேண்டிய பிள்ளை. அவளுக்கு அப்பா என்று ஒருத்தர் மனசில் இருக்கிறார். இருந்துவிட்டுப் போகட்டும்.

ஆண்டி

கட்டபெட்டு
10-12-2000

அண்ணனுக்கு தெய்வம்மா எழுதுவது. நானும் அண்ணியும் இருக்கிறோம். அண்ணி உன்னைப் பற்றிப் பேசுவதில்லை. ஆனால் உனக்கென்று ஒரு பனியன் வாங்கி வைத்திருக்கிறார்.

பிரியாவிடம் சொல்லிவிட்டேன். இந்தக் கடிதத்தைப் படிக்கிற ஜெயில் ஐயாவும் தெரிந்துகொள்ளட்டும். அவள் வயிற்றில் இருக்கும்போது அவள் அப்பா என்னை உதைத்துச் சாக்கடையில் தள்ளினார். வளைகாப்பன்று வளையல் போட என் கையை நீ பிடித்தபோது நான் அலறினேன். வழுக்கி விழுந்துவிட்டேன் என்றேன். நீ ஒன்றும் கேட்கவில்லை. மற்ற கைக்கு வளையலைப் போட்டுவிட்டு எழுந்து வெளியே போனாய். இதைக் கோர்ட்டிலும் சொல்வதாக ஜஸ்டஸ் வக்கீலிடம் சொல்லியிருக்கிறேன். நீ கோபப்பட்டால் படு.

பிரியா அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. "மாமா பஸ்ஸுல ஏறிப் போனாருன்னது பொய். நீ அப்பா நல்லவருன்னதும் பொய். ரெண்டு பேரும் சேந்து எனக்கு ஒரு அப்பாவ செஞ்சு குடுத்திருக்கீங்க" என்றாள். "அந்த ஆளுக்கா நீ வெள்ளிக்கிழமை வெளக்கேத்துன?" என்றாள்.  பிறகு பத்து நாள் என்னோடு பேசவில்லை. அண்ணியோடுதான் சாப்பிட்டாள், அண்ணியோடுதான் படுத்தாள்.

நேற்று வேலை விட்டு வந்தவள், கால் புண்ணுக்கு எண்ணெய் தடவிக்கொண்டே, கோயம்புத்தூர் ஜெயிலில் எந்தக் கிழமை பார்க்க விடுவார்கள் என்று கேட்டாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை. உன்னைத் திட்டவா, அழவா, என்ன செய்யப்போகிறாள் என்று எனக்குத் தெரியாது அண்ணே. அவளுக்கே தெரியுமோ என்னவோ.

திங்கட்கிழமை முதல் பஸ்ஸுக்குக் கிளம்புகிறோம். மூன்று பேரும் வருகிறோம்.

தெய்வம்மா